நெகிழிப் பயன்பாடு குறித்த நுகர்வோர், வணிகர் மனப்பான்மை: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

நெகிழிப் பயன்பாடு குறித்த மனப்பான்மை என்பது, பிளாஸ்டிக் பைகள், உறைகள், குவளைகள், பாட்டில்கள் முதலியவற்றைப் பற்றி மக்கள் கொண்டுள்ள எண்ணத்தையும், அந்த எண்ணம் அவர்களின் அன்றாடச் செயலில் எந்த அளவுக்கு வெளிப்படுகிறது என்பதையும் ஒருசேரக் குறிக்கும். பிளாஸ்டிக் என்பதற்குத் தமிழில் நெகிழி, ஞெகிழி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. கடைத்தெருவில் இதே பொருள் 'கேரி பேக்', 'கவர்' என்று அழைக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. தடையை வரவேற்காதவர்களைக் காண்பது அரிது. ஆனாலும் நெகிழிப் பைகள் முற்றிலும் மறையவில்லை. இந்த முரண்பாட்டை, விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்களின் வணிகச் சூழலை வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. மக்களின் விழிப்புணர்வுக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் அன்று. விற்கப்படும் பொருளின் தன்மை, மாற்றுப் பொருளின் விலை, அந்த விலையை யார் ஏற்பது என்னும் கேள்வி ஆகிய மூன்றுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இரு நகரங்களின் பின்னணி

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளன. திருமங்கலத்திலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை இரண்டையும் இணைக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இராஜபாளையம் நகராட்சியில் சுமார் 1.30 லட்சம் பேரும், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் சுமார் 75 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர்.

அருகருகே இருந்தாலும் இவற்றின் வணிகம் வேறுபட்டது. இராஜபாளையம் ஒரு தொழில் நகரம். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் முதலாகப் பல நூற்பாலைகள் இங்கு வளர்ந்தன. அருகிலுள்ள சத்திரப்பட்டி வட்டாரம், காயங்களுக்குக் கட்டும் மருத்துவத் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. தளவாய்புரத்தில் ஆயத்த ஆடைத் தையல் நடைபெறுகிறது. பருத்தித் துணி நெய்வதும் தைப்பதும் இப்பகுதிக்குப் புதிதல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு கோயில் நகரம். ஆண்டாள் கோயிலுக்கு ஆண்டு முழுவதும் வெளியூர் பக்தர்கள் வருகின்றனர். ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது கூட்டம் பல மடங்கு பெருகும். வருவோர் வாங்கிச் செல்லும் முதன்மைப் பொருள் பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆகவே இராஜபாளையத்தில் வாங்குபவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். நாள்தோறும் ஒரே கடைக்கு வருபவர். ஸ்ரீவில்லிபுத்தூரின் கோயில் வீதிகளில் வாங்குபவர்களில் பலர் வழிப்போக்கர். கையில் பையோ பாத்திரமோ இல்லாமல் வருபவர். ஒரே சட்டம் இந்த இருவகை வாடிக்கையாளரிடமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

காடும் கண்மாயும்

நெகிழிக் கழிவு இவ்விரு ஊர்களுக்கும் தொலைவிலுள்ள கடலின் சிக்கல் அன்று. மலையில் பெய்யும் மழைநீர் ஓடைகள் வழியாக இறங்கிக் கண்மாய்களை நிரப்புகிறது. ஒரு கண்மாய் நிறைந்ததும் அதன் கலுங்கு வழியாக உபரிநீர் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி முன்னோர் அமைத்துள்ளனர். இந்தச் சங்கிலியில் ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் அதற்குக் கீழே உள்ள கண்மாய்களுக்கு நீர் குறையும். மெல்லிய நெகிழிப் பை எடை குறைந்தது; காற்றில் பறக்கும்; நீரில் மிதக்கும்; மடையிலும் பாலத்தின் அடியிலும் சென்று சிக்கிக்கொள்ளும். மண்ணில் தாளாகப் படிந்து நீர் இறங்குவதையும் தடுக்கும்.

மலைப்பகுதியில் நிலைமை இன்னும் நுட்பமானது. நரை அணில் சரணாலயமாக இருந்த பகுதியும் மேகமலைக் காடுகளும் சேர்ந்து 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. இக்காட்டினுள் சதுரகிரி சுந்தர மகாலிங்கம் கோயில் உள்ளது. அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டிப் பக்தர்கள் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து மலையேறுகின்றனர். நெகிழிப் பொருள்களை மேலே கொண்டு செல்ல வனத்துறை தடை விதித்து, அடிவாரத்தில் பைகளைச் சோதிக்கிறது. உணவின் மணமும் உப்பும் ஒட்டியிருக்கும் உறைகளைக் குரங்கு, மான் முதலிய விலங்குகள் தின்றுவிடும் என்பதே இதற்கு முதற்காரணம். தின்ற நெகிழி செரிக்காது. குடலில் தங்கி விலங்கின் உயிருக்கே கேடாகலாம்.

சட்டத்தின் வளர்ச்சி

தமிழ்நாட்டில் இச்சிந்தனை 2019இல் திடீரென வந்ததன்று. நீலகிரி மாவட்டத்தில், சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோது, 2000ஆம் ஆண்டையொட்டியே நெகிழிப் பைகளுக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. 2002இல் மாநில அளவில் நெகிழிப் பொருள்களைத் தடைசெய்யும் சட்ட முன்வடிவு ஒன்று சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு, பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி சட்டமன்றத்தில் விதி 110இன் கீழ் தடையை அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. உணவு பொட்டலம் கட்டும் தாள், மேசை விரிப்புத் தாள், நெகிழித் தேநீர்க் குவளை, டம்ளர், தெர்மோகோல் தட்டும் குவளையும், நெகிழி பூசிய காகிதத் தட்டும் குவளையும், தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், கொடி, எல்லாத் தடிமனிலுமான கைப்பைகள், நெகிழி பூசிய பைகள், நெய்யாத துணிப்பைகள் ஆகியன அவற்றுள் அடங்கும். 2019 ஜூன் முதல் அபராதம் நடைமுறைக்கு வந்தது. சிறு வணிகருக்கு 100 ரூபாயில் தொடங்கி, இருப்பு வைத்து வழங்குவோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அது அமைந்தது.

நடுவண் அரசு 2016இல் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. அவற்றின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் சில ஒருமுறைப் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. இனிப்புப் பெட்டிகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றின் மேல் சுற்றப்படும் மெல்லிய தாள் இப்பட்டியலில் உண்டு. பால்கோவா விற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும், அருகிலுள்ள அச்சுத்தொழில் நகரமான சிவகாசிக்கும் இவ்விதி நேரடியாகப் பொருந்தும்.

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைச் சென்னையில் தொடங்கிவைத்தார். திருமண வீடுகளில் தாம்பூலம் போட்டுத் தரும் மஞ்சள் துணிப்பையை ஒருகாலத்தில் எல்லாரும் கடைத்தெருவுக்குக் கொண்டு சென்றனர். பிறகு 'மஞ்சப்பைக்காரர்' என்பது பட்டிக்காட்டார் என்னும் கேலிச்சொல்லாகத் திரைப்படங்களிலும் பேச்சிலும் மாறியது. அந்தக் கூச்சத்தைப் போக்குவதும் இவ்வியக்கத்தின் நோக்கங்களுள் ஒன்று.

நுகர்வோர் மனப்பான்மை

எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலான இடைவெளியைச் சமூக உளவியல் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. உளவியலாளர் ஐசக் அஜ்சென் 1991இல் விரிவாக எழுதிய 'திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு' இதற்குப் பயன்படும் எளிய கருவி. ஒருவர் ஒரு செயலைச் செய்ய முனைவது மூன்றைப் பொறுத்தது என்று அக்கோட்பாடு கூறுகிறது. முதலாவது, அச்செயல் நல்லதா என்னும் அவருடைய கருத்து. இரண்டாவது, சுற்றியிருப்பவர்கள் தம்மிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்னும் எண்ணம். மூன்றாவது, அதைச் செய்வது தம் கையில் இருக்கிறதா என்னும் உணர்வு.

இம்மூன்றையும் பலசரக்குக் கடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். 'நெகிழி கெடுதல்' என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை. முதல் கூறு நிறைவேறிவிட்டது. இரண்டாவது கூறு அரைகுறையாக உள்ளது. பை கொண்டு வராதவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. கடைக்காரரும் கேட்டதும் கொடுத்துவிடுகிறார். மூன்றாவது கூறுதான் மிகவும் பலவீனமானது. ஆலையில் மாலை வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு வரும் தொழிலாளி, வழியில் தக்காளியும் மீனும் வாங்க நினைக்கிறார். காலையில் புறப்படும்போது அந்த எண்ணம் இல்லை, பையும் இல்லை. அவருக்கு நெகிழியைப் பற்றி இன்னொரு சொற்பொழிவு உதவாது.

இதனால் திட்டமிட்டு வாங்குவதும் திடீரென வாங்குவதும் இருவேறு நடத்தைகள் ஆகின்றன. மாதச் சாமான் வாங்கவோ வாரச் சந்தைக்கோ செல்பவர் பெரிய பையை மறப்பதில்லை. வழியில் வாங்குபவரே கவர் கேட்கிறார். மடித்துச் சட்டைப்பையிலோ வண்டியின் பெட்டியிலோ வைக்கக்கூடிய சிறு துணிப்பை, இரண்டாம் வகையினருக்குப் பெரிதும் உதவும்.

விலையும் ஒரு காரணம். மாநிலத்தில் நிறுவப்பட்ட மஞ்சப்பை இயந்திரங்களில் ஒரு பை 10 ரூபாய். 20 ரூபாய்க்குக் காய் வாங்குபவருக்கு அது பொருளின் விலையில் பாதி. கவரோ 'இலவசம்'. உண்மையில் அதன் விலை காயின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அதை அப்புறப்படுத்தும் செலவு நகராட்சி வரிக்குள் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விலையை யாரும் மிச்சப்படுத்த முனைவதில்லை.

வணிகர் மனப்பான்மை

சில்லறை வணிகர் பலர் தடைக்கு எதிரானவர் அல்லர். கைப்பைகள் வாங்குவது அவர்களுக்கும் செலவே. எல்லாக் கடைகளும் ஒரே நாளில் நிறுத்தினால் அவர்களுக்கு லாபம். ஆனால் ஒரு கடை மட்டும் நிறுத்தி, பக்கத்துக் கடை தொடர்ந்து கொடுத்தால், வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார் என்னும் அச்சம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் முதலில் நிறுத்தட்டும் என்று காத்திருக்கின்றனர். வாடிக்கையாளர் கேட்பதால் கொடுக்கிறோம் என்பது கடைக்காரரின் வாதம். கடையில் கொடுப்பதால் வாங்குகிறோம் என்பது வாடிக்கையாளரின் வாதம். இரண்டும் பொய்யல்ல. இந்த முடிச்சைத் தனியொருவரின் நல்லெண்ணத்தால் அவிழ்க்க முடியாது. சட்டமோ, கடைத்தெரு முழுவதும் ஒன்றுகூடி எடுக்கும் முடிவோதான் அவிழ்க்கும்.

சட்டம் சீராக நடைமுறைப்படுத்தப்படும் நாள்களில் இந்த அச்சம் குறைகிறது. 2019இன் தொடக்க மாதங்களில் தமிழ்நாடெங்கும் வாழை இலைப் பொட்டலங்களும் தூக்குவாளிகளும் திரும்பி வந்தன. பாத்திரம் கொண்டு வருவோருக்குச் சில உணவகங்கள் விலையைக் குறைத்தன. சோதனை தளர்ந்தபோதும், 2020இல் கொரோனாப் பெருந்தொற்றால் பார்சல் பழக்கம் பெருகியபோதும், பழைய நிலை பெருமளவு திரும்பியது. அவ்வப்போது நடக்கும் சோதனையில், விதியை மதித்த வணிகர் மாற்றுப் பைக்குச் செலவழித்தும், மதிக்காதவர் மலிவாக விற்றும் நிற்பதைக் காணும் மற்றவர்கள் இரண்டாமவரையே பின்பற்றுகின்றனர்.

சிறு வணிகர்கள் முன்வைக்கும் இன்னொரு குறை நியாயம் பற்றியது. கடைக்காரர் கொடுக்கும் கைப்பைக்கு அபராதம் உண்டு. அதே கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பூ, ஊறுகாய், நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள் தொடர்ந்து விற்பனையாகின்றன. தொடக்கத்தில் மாநில ஆணை ஆலையில் அடைக்கப்படும் உறைகளுக்கு விலக்கு அளித்திருந்தது. 2020 ஜூனில் அவ்விலக்கு நீக்கப்பட்டது. ஆயினும் பல அடுக்குப் பொட்டலங்கள் கடைகளில் இருந்தே வருகின்றன. நடுவண் அரசின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள், சந்தைக்கு அனுப்பும் உறைகளுக்கு ஈடான கழிவைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன.

சிறு பொட்டல வணிகத்தின் தொடக்கமே தமிழ்நாட்டில்தான். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாக விளங்கினார். பாட்டிலாக வாங்க இயலாத குடும்பங்களுக்கு அது எட்டாத பொருளை எட்டச் செய்தது. நெகிழியைக் குறைக்க முனையும் எந்தத் திட்டமும், சிறு வருவாய்க் குடும்பம் சிறு அளவில் வாங்கும் தேவையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பொருளுக்கு ஏற்ப மாறும் நடத்தை

எந்தக் கடை மாறியது என்பதைவிட, எந்தப் பொருளுக்கான உறை மாறியது என்று பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

உலர்ந்த பொருள்கள்: அரிசி, பருப்பு, ஜவுளி, காய்கறி ஆகியவற்றுக்குத் துணிப்பையும் காகிதப் பொட்டலமும் போதும். மாற்றம் எளிது. ஜவுளிக்கடைகள் தம் பெயர் அச்சிட்ட பை கொடுப்பதை விளம்பரமாகவும் கருதுவதால் செலவை ஏற்கின்றன.

ஈரப்பொருள்கள்: மீன், இறைச்சி, இட்லி மாவு, சாம்பார், சட்னி ஆகியவற்றில் நீர் கசியும். பாத்திரம் ஒன்றே சரியான மாற்று. சாம்பாரையும் சட்னியையும் மெல்லிய பையில் முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் நீடிப்பதற்குக் காரணம், அந்த விலைக்கு அவ்வேலையைச் செய்யும் வேறு பொருள் இல்லாததே. சூடான உணவை நெகிழியில் கட்டும்போது அதன் வேதிப்பொருள்கள் உணவில் கலக்கக்கூடும் என்பதால், இது உடல்நலம் சார்ந்த கேள்வியும் ஆகும்.

கொழுப்புள்ள பொருள்கள்: பால்கோவா இவ்வகையின் சிறந்த எடுத்துக்காட்டு. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்து சுண்டிய இதில் நெய்ப்பசையும் ஈரமும் உண்டு. வெறும் காகிதத்தில் கட்டினால் கசியும். திறந்து வைத்தால் காய்ந்து போகும், விரைவில் கெடும். உடனே உண்பவருக்கு வாழை இலைத் துண்டு போதும். பேருந்திலும் இரயிலிலும் பல மணி நேரம் எடுத்துச் செல்பவருக்கு மூடிய டப்பா தேவைப்படுகிறது. இதை வணிகரின் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது.

தென்மாவட்டங்களில் கருப்பட்டியும் கருப்பட்டி மிட்டாயும் பனை ஓலைப் பெட்டியில் விற்கப்படுவது மரபு. உள்ளே வாழை இலையோ எண்ணெய் புகாத தாளோ விரித்த ஓலைப் பெட்டி, இனிப்பு வகைகளுக்குப் பொருத்தமான மாற்று. ஆனால் ஓலைப் பெட்டியைக் கையால் முடைய வேண்டும், ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் தொடர்ந்து கிடைக்க வேண்டும், விலையும் கூடுதல். புவிசார் குறியீடு பெற்ற பொருளை ஊரின் அடையாளமாக வாங்கிச் செல்பவர், பெட்டிக்கும் சேர்த்துச் சிறிது கூடுதலாகக் கொடுக்க மனம் ஒப்பலாம். அன்றாடம் கால் கிலோ வாங்கும் உள்ளூர்க்காரருக்கு வீட்டுச் சம்புடமே போதும். ஒரே கடையில் இருவகை வாடிக்கையாளருக்கு இருவகைத் தீர்வு வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

மாற்றுப் பொருள்களின் உண்மைக் கணக்கு

'நெகிழி அல்லாதது எல்லாம் நல்லது' என்பது பரவலான தவறான எண்ணம்.

நெய்யாத துணிப்பை: கடைகளில் துணிப்பை என்று தரப்படும் வண்ணப் பைகளில் பல, பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழி இழைகளை அழுத்தி ஒட்டியவை. இராஜபாளையம் வட்டார நெசவாளர்களுக்கு இதைக் கண்டறிவது எளிது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உண்மையான துணியில் பாவும் ஊடும் குறுக்குநெடுக்காகத் தெரியும். நெய்யாத பையில் இழை ஒழுங்கு இருக்காது. பெரும்பாலும் சிறு புள்ளிகளாக அழுத்திய தடம் தெரியும்.

காகிதக் குவளை: தேநீர் ஊறாமல் இருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் பூச்சு உண்டு. இத்தகைய குவளைகளுக்குத் தமிழ்நாடு விதித்த தடையை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று உறுதி செய்தது. நெய்யாத பைகள் மீதான தடையை மறுபரிசீலனை செய்யுமாறு அதே தீர்ப்பில் கூறியது. டீக்கடையில் கழுவிப் பயன்படுத்தும் கண்ணாடி டம்ளரே இன்றும் சிக்கனமான மாற்று.

மக்கும் நெகிழி: மக்கும் என்று முத்திரையிட்ட பைகள், உயர் வெப்பமுள்ள உர ஆலைச் சூழலில் மக்குவதற்கென உருவாக்கப்பட்டவை. சாக்கடையிலோ கண்மாயிலோ விழுந்தால் அதே வேகத்தில் மக்கும் என எதிர்பார்க்க இயலாது.

பருத்திப் பை: பருத்தி விளைவிக்க நீரும் உரமும், நூற்கவும் நெய்யவும் மின்சாரமும் தேவை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படும் மெல்லிய நெகிழிப் பைக்கு, புவி வெப்பமாதல் அளவில் இணையாக வேண்டுமானால், காகிதப் பையை 3 முறையும் பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் முடிவு. வாரம் மூன்று முறை கடைக்குக் கொண்டு சென்றால் ஓராண்டுக்குள் இந்த எண்ணிக்கை நிறைவேறிவிடும். ஆனால் விழாவுக்கு விழா புதுப் பை வாங்கி வீட்டில் அடுக்குவதால் பயன் இல்லை. கண்மாயில் குப்பை சேர்வதும் விலங்குகள் தின்பதும் இக்கணக்கில் அடங்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய வேட்டி, சேலையில் தைத்த பைக்குப் புதிய பருத்தி தேவையில்லை என்பதால் அதுவே எல்லாவற்றிலும் சிறந்தது.

பிற இடங்களின் அனுபவம்

வங்கதேசம் 2002இல் மெல்லிய நெகிழிப் பைகளைத் தடைசெய்தது. நாடளவில் இவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. வெள்ளக் காலங்களில் வடிகால்களைப் பைகள் அடைத்ததே அதற்குத் தூண்டுதல். ஆயினும் மலிவான மாற்று இல்லாததாலும் கண்காணிப்பு தளர்ந்ததாலும் பைகள் மீண்டும் புழக்கத்துக்கு வந்தன.

அயர்லாந்து வேறு வழியில் சென்றது. 2002 மார்ச்சில் ஒவ்வொரு பைக்கும் 15 சென்ட் கட்டணம் விதித்தது. ஆண்டுக்கு ஒருவருக்குச் சுமார் 328 பைகள் என்றிருந்த பயன்பாடு 21 ஆகக் குறைந்தது. சில ஆண்டுகளில் அது மெல்ல உயர்ந்தபோது, 2007இல் கட்டணம் 22 சென்ட்டாக உயர்த்தப்பட்டது. மக்களின் கருத்து ஒரே இரவில் மாறியிருக்க வாய்ப்பில்லை. அதுவரை மறைந்திருந்த விலை கண்ணுக்குத் தெரிந்ததால் நடத்தை மாறியது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. நீலகிரியில் மதுபானப் பாட்டில்கள் காட்டில் வீசப்படுவதைத் தடுக்க, சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, திருப்பிக் கொடுத்தால் அத்தொகை திருப்பித் தரப்பட்டது. பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது.

பயன்படுத்திய பின்

1950 முதல் 2015 வரை உலகில் உற்பத்தியான நெகிழி சுமார் 830 கோடி டன் என 2017இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் கழிவானதில் சுமார் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டது.

மறுசுழற்சி நிகழ்வதும் விலையைப் பொறுத்ததே. பால் உறை தடிமனானது. கழுவிச் சேர்த்து வைத்தால் பழைய பொருள் வாங்கும் கடையில் எடைக்கு விலை கிடைக்கும். ஆகவே அது தெருவில் குறைவாகவே கிடக்கிறது. மெல்லிய பைகளில் ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கானவற்றைப் பொறுக்க வேண்டும், அழுக்கும் ஒட்டியிருக்கும், ஆகவே யாரும் எடுப்பதில்லை. நாடளவில் கைப்பையின் குறைந்தபட்சத் தடிமன் 2016இல் 50 மைக்ரான், 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என உயர்த்தப்பட்டதன் காரணம் இதுவே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், கழிவு நெகிழியைத் தாருடன் சேர்த்துச் சாலை அமைக்கும் முறையை உருவாக்கி, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மறுசுழற்சிக்கு உதவாத கழிவைச் சிமெண்ட் ஆலைச் சூளைகளில் எரிபொருளாகப் பயன்படுத்துவதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுப்பது முதல் நிபந்தனை. சாம்பார் ஒட்டிய பை சாலைக்கும் உதவாது.

மாணவர் கள ஆய்வுக்கு

இப்பொருள் குறித்துப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அடிக்கடி வினாத்தாள் ஆய்வு செய்கின்றனர். 'நெகிழித் தடையை ஆதரிக்கிறீர்களா?' என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் 'ஆம்' என்பர். அந்த விடையிலிருந்து அறியக்கூடியது குறைவு. கீழ்க்கண்ட முறைகள் கூடுதல் பயன் தரும்.

1. கருத்தைக் கேட்பதற்கு முன் செயலை எண்ணுதல். ஒரு கடையருகே ஒரு மணி நேரம் நின்று, சொந்தப் பையுடன் வருவோர், கவர் கேட்போர், கேட்காமலே கவர் பெறுவோர் ஆகியோரைத் தனித்தனியே குறித்தல். இதற்குக் கடைக்காரரின் அனுமதி பெறுதல் வேண்டும்.

2. காலையையும் மாலையையும் ஒப்பிடுதல். திட்டமிட்டு வாங்குவதும் வழியில் வாங்குவதும் இதில் வெளிப்படும்.

3. 'நேற்று எத்தனை நெகிழிப் பைகள் வீட்டுக்கு வந்தன? எவற்றுடன் வந்தன?' என்று குறிப்பாகக் கேட்டல்.

4. கடைக்காரரிடம், 'பக்கத்துக் கடைகளும் நிறுத்தினால் நீங்கள் நிறுத்துவீர்களா?' என்று கேட்டல். 'நீங்கள் நிறுத்துவீர்களா?' என்ற கேள்விக்கு வரும் விடையுடன் இதை ஒப்பிட்டால், வணிகரின் தயக்கம் எங்கே இருக்கிறது என்பது புலப்படும்.

5. கோயில் வீதிக் கடை ஒன்றையும் குடியிருப்புப் பகுதிக் கடை ஒன்றையும் ஒப்பிடுதல்.

தொகுப்பு

இரு நகரங்களின் நிலையிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, நெகிழி தீயது என்னும் கருத்து ஏற்கெனவே பரவிவிட்டது. அதையே மீண்டும் கூறுவதால் பெரிய மாற்றம் வராது. இரண்டு, மாற்றுப் பொருள் உலர்ந்த பொருள்களுக்கு எளிது. ஈரமும் கொழுப்பும் உள்ளவற்றுக்குப் பாத்திரம், இலை, ஓலைப் பெட்டி என்று பொருளுக்கேற்ற தனித்தனி ஏற்பாடு வேண்டும். மூன்று, சட்டம் எல்லாக் கடைகளுக்கும் எல்லா நாள்களிலும் ஒரே மாதிரி நடைமுறைப்படும்போதும், பையின் விலை வெளிப்படையாகத் தெரியும்போதும் வணிகரும் நுகர்வோரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை நீங்குகிறது. துணி நெய்யும் கைகளும் வாழைத் தோட்டங்களும் பனை மரங்களும் உள்ள வட்டாரத்தில் மாற்றுக்கான மூலப்பொருளுக்குக் குறைவில்லை. அவற்றை நாள்தோறும் கடைக்குக் கிடைக்கச் செய்வதும் அதன் செலவைப் பகிர்ந்துகொள்வதுமே எஞ்சியுள்ள வேலை.